வழி விட்டவனுக்கும் பங்கு உண்டா?



நம்மில் பெரும்பாலோர் கடை வைத்திருப்பவர்கள். கடைக்காரனிடம் நாலு பேர் நாலு விதமான உதவி கேட்டு வருவார்கள். ஒருவர் கடன் கேட்பார். இன்னொருவர், "பாய், இந்தச் சாக்குகள் இரண்டு நாள் உங்கள் கிட்டங்கியில் இருக்கட்டும்" என்பார். மற்றொருவர், "பின்பக்கத்துப் பாதை வழியாக என் லாரி போய்க் கொள்ளட்டுமா?" என்பார். கடன் என்றால் பத்து முறை யோசிக்கிறோம். வழியும் இடமும் கேட்டால் அவ்வளவு யோசிப்பதில்லை. சரக்கும் நம்முடையதன்று, அதன் லாபமும் நம்முடையதன்று. அப்படியிருக்க அதன் பாவம் மட்டும் நம் தலையில் எப்படி விழும் என்று மனத்தைத் தேற்றிக் கொள்கிறோம்.

இந்தத் தேறுதல் சரியானதுதானா? அக்கிரமக்காரன் நம் இடத்தைக் கடந்து போக நாம் வழி விட்டால், அவன் செய்யும் அக்கிரமத்தில் நமக்கும் பங்கு உண்டா?

இக்கேள்வியை நான் பொழுது போக்காக எழுப்பவில்லை. என் கடையிலேயே இது நேர்ந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், ஒரு தேசம் முழுவதுமே இக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டி வந்த வரலாற்றைப் பார்ப்போம். நமது சிலாங்கூர் தோட்டங்களிலிருந்து போன ஜனங்களின் உயிரும் அந்த வரலாற்றில் அடங்கியிருக்கிறது.

சயாம் கொடுத்த வழி

இரண்டாம் உலக யுத்தம் 1939-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பாவில் மூண்டபோது, தாய்லாந்து தான் எந்தப் பக்கமும் சேராத நடுநிலை நாடு என்று அறிவித்தது. நம் பெரியவர்கள் சயாம் என்று அழைத்து வந்த தேசம் அதுவே. அதற்கு மேற்கே பிரிட்டிஷாரின் பர்மா, தெற்கே பிரிட்டிஷாரின் மலாயா, கிழக்கே பிரெஞ்சுக்காரரின் இந்தோசீனா. இவற்றுக்கு நடுவே சுதந்திரமாக நின்ற ஒரே நாடு அது. 1940 ஜூன் 12-ஆம் தேதி பிரிட்டனோடும் பிரான்சோடும் ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்ற ஒப்பந்தத்தையும், அதே நாளில் ஜப்பானோடு நட்புறவு ஒப்பந்தத்தையும் செய்து கொண்டது. பெரிய முதலாளிகள் மூவருக்கு நடுவில் சிறு கடை நடத்துபவன் மூவருக்கும் சலாம் சொல்லிக் காலம் தள்ளுவதைப் போன்றதே அது.

ஆனால் அந்த நாடு இருந்த இடம் அதைச் சும்மா இருக்க விடவில்லை. மலாயாவையும் பர்மாவையும் பிடிக்க வேண்டுமானால் ஜப்பானியருக்குச் சயாமின் மண் வேண்டும். மலாயாவைக் காக்க வேண்டுமென்று கருதிய பிரிட்டிஷாரும் தெற்குச் சயாமுக்குள் முந்திக் கொண்டு நுழைந்து விடத் திட்டம் தீட்டி வைத்திருந்தார்கள். நடுநிலை நாட்டுக்குள் முதலில் கால் வைத்தவர் என்ற பழி வருமே என்று அவர்கள் தயங்கினார்கள். தயங்கிக் கொண்டிருக்கும்போதே 1941 டிசம்பர் 8 விடிந்தது.

அந்த நாளுக்கு முந்திய இரவு ஜப்பானியத் தூதர் பாங்காக்கில் சர்க்காரைச் சந்தித்து, எங்கள் சேனை உங்கள் நாட்டின் வழியாகப் போக அனுமதி தாருங்கள், உடனே பதில் வேண்டும் என்று கேட்டார். பிரதமர் பிபூன் சொங்கிராம் அப்போது தலைநகரில் இல்லை. அவர் வந்து சேரும் வரையில் மந்திரிகள் விடை சொல்ல முடியாமல் காத்திருந்தார்கள். அதற்குள் சொங்க்லாவிலும், பட்டாணியிலும், வேறு பல கரையோர ஊர்களிலும் ஜப்பானியச் சேனை இறங்கி விட்டது. சயாம் வீரர்களும், போலீஸாரும், பல இடங்களில் பள்ளி மாணவர்களும் எதிர்த்துச் சண்டையிட்டு மாண்டனர். பிரதமர் காலையில் வந்து சேர்ந்தார். சண்டையை நிறுத்தும்படி உத்தரவு பிறந்தது. வழி கொடுக்கப்பட்டது.

இதுவரையில் நடந்ததற்காகச் சயாமை நாம் அதிகம் குறை கூற முடியாது. கத்தியைக் கழுத்தில் வைத்துக் கேட்டால் கதவைத் திறக்காதவர் யார்? நமது மார்க்கச் சட்டத்தில் 'இக்ராஹ்' என்று ஒரு பாடம் இருக்கிறது. நிர்ப்பந்தத்துக்கு உள்ளானவனைப் பற்றிய பாடம் அது. உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் வாயால் மட்டும் ஈமானுக்கு விரோதமான சொல்லைச் சொல்லி விட்டாலும், உள்ளம் உறுதியாக இருக்குமானால் அவன் மீது குற்றமில்லை. அவ்வளவு பெரிய சலுகையை நிர்ப்பந்தத்துக்கு மார்க்கம் அளித்திருக்கிறது.

ஆனால் அதே பாடத்தில் ஓர் எல்லையும் இருக்கிறது. "இன்னொருவனைக் கொல், இல்லாவிட்டால் உன்னைக் கொல்வேன்" என்று ஒருவன் மிரட்டினால், தன் உயிரைக் காக்க மற்றவன் உயிரை எடுக்க அனுமதியில்லை. என் உயிர் அவன் உயிரை விட உயர்ந்தது என்று யார் எனக்குச் சொன்னது? நிர்ப்பந்தம் என் கடமைகளைக் குறைக்கலாம். அடுத்தவனுடைய ஹக்கை அது குறைத்து விடாது. இந்த எல்லையை மனத்தில் வைத்துக் கொண்டு மேலே நடந்ததைப் பாருங்கள்.

நிர்ப்பந்தம் முடிந்து வியாபாரம் தொடங்கிய இடம்

டிசம்பர் 8-ஆம் தேதி கொடுத்தது வழி மட்டுமே. டிசம்பர் 21-ஆம் தேதி பாங்காக்கில் மரகத புத்தர் கோயிலில் ஜப்பானோடு நேச ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1942 ஜனவரி 25-ஆம் தேதி பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் யுத்தப் பிரகடனம் செய்யப்பட்டது. வழிப்போக்கனுக்குத் திண்ணை கொடுத்தவன் இரண்டு மாதத்துக்குள் அவனுக்குக் கூட்டாளியாகி விட்டான்.

பிறகு ரயில்பாதையின் கதை வருகிறது. பர்மாவில் இருந்த ஜப்பானியச் சேனைக்கு அரிசியும் ஆயுதமும் கடல் வழியாகச் சிங்கப்பூரைச் சுற்றி, மலாக்கா நீரிணை வழியே ரங்கூனுக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது. அந்தக் கடல் வழியில் நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் காத்திருந்தன. ஆகவே தரை வழி ஒன்று தேவைப்பட்டது. சயாமில் பான்போங்குக்கு அருகிலிருந்து பர்மாவில் தன்பியூசாயாட் வரையில் 415 கிலோ மீட்டர் நீளத்துக்குக் காட்டையும் மலையையும் குடைந்து பாதை போடும் வேலை 1942-ஆம் ஆண்டின் நடுவில் ஆரம்பமாயிற்று. அவ்வருடம் செப்டம்பரில் இரண்டு சர்க்கார்களும் இதற்காக ஒப்பந்தம் செய்து கொண்டன. 1943 அக்டோபர் 17-ஆம் தேதி இரு முனைகளும் சந்தித்தன. சுமார் 16 மாதத்தில் வேலை முடிந்து விட்டது.

யார் செய்து முடித்தார்கள்? பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு யுத்தக் கைதிகள் 60,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். இக்கணக்கை உலகம் முழுவதும் அறியும். ஆனால் ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்தை ஒட்டியிருந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், எல்லோரும் அதில் இருந்தார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேர் வரை கொண்டு போகப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். ஆசியத் தொழிலாளரில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பு. கைதிகளுக்குப் பெயர்ப் பதிவேடு இருந்தது. நம் ஜனங்களுக்கு அது இல்லை. ஆகவே சாவின் கணக்கும் மதிப்பாகவே நின்று விட்டது.

அவர்கள் எவ்வாறு போனார்கள் என்பதை உயிர் பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு உண்டு, மூன்று மாதத்தில் திரும்பி விடலாம் என்று சொல்லிச் சிலரைச் சேர்த்தார்கள். தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குப் போட்டு, கிராணிமாரையும் கங்காணிமாரையும் கொண்டு பட்டியல் எழுதச் செய்து சிலரை ஏற்றினார்கள். இலவசப் படக்காட்சி என்று கூட்டி வைத்து அள்ளிக் கொண்டு போன கதைகளும் உண்டு. யுத்தத்தினால் ரப்பருக்கு விலையில்லை, வேலையில்லை, அரிசியில்லை. பசித்தவனிடம் கேட்கப்பட்ட சம்மதம் அது. அங்கே 1943-ஆம் ஆண்டின் அடைமழைக் காலத்தில் காலரா பரவியது. சேனை வைத்தியர்கள் கைதிகளோடாவது இருந்தார்கள். தோட்டத்து ஜனங்களுக்கு வைத்தியரும் இல்லை, கட்டுக்கோப்பான முகாமும் இல்லை. கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். நமது நாட்டின் கிழக்குக் கரை ரயில்பாதையிலிருந்து பெயர்த்தெடுத்த தண்டவாளங்களும் அந்தப் பாதைக்கே போயின. நமது இரும்பையும் கொண்டு போனார்கள், நமது ஆட்களையும் கொண்டு போனார்கள்.

இரண்டு சர்க்கார்களும் பேசிய பேச்சுகளில் நிலத்தின் மீது யாருக்கு உரிமை, செலவு யாருடையது, பாதை பின்னால் யாருக்குச் சொந்தம் என்பவை எல்லாம் இருந்தன. கோலசிலாங்கூரிலோ, ஈஜோக்கிலோ, பத்தாங் பெர்ஜுந்தையிலோ பால் மரம் சீவிக் கொண்டிருந்தவனுக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை.

கடைசியில் வழிக்குக் கிடைத்த கூலியையும் பார்த்து விடுவோம். 1943 ஜூலையில் ஜப்பானியப் பிரதமர் தோஜோ பாங்காக்குக்கு வந்தார். கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகிய நான்கு மலாய் மாநிலங்களும், பர்மாவின் ஷான் நாட்டில் இரண்டு பகுதிகளும் சயாமுக்குத் தரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ரயில்பாதை முடிந்த அதே அக்டோபர் மாதத்தில் நான்கு மாநிலங்களும் கைமாறின. 1909-ஆம் ஆண்டு பிரிட்டிஷாருக்கு விட்டுக் கொடுத்ததைத் திரும்பப் பெறுகிறோம் என்று சயாம் சொல்லிக் கொண்டது. ஆனால் கொடுத்தவனுக்கும் அந்த மண் சொந்தமில்லை. அங்கே வாழ்ந்த மலாய் முஸ்லிம்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. பிறன் வீட்டுப் பொருளைக் கூலியாக வாங்கிய பிறகு, "நான் நிர்ப்பந்தத்தால் வழி விட்டேன்" என்று சொல்ல முடியுமா?

நான் இங்கே காணும் பாடம் இதுதான். நிர்ப்பந்தம் என்பது ஒரு கணக்கு. அதைத் தொடர்ந்து லாபம் வாங்குவது வேறொரு கணக்கு. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதி நேர் செய்யக் கூடாது.

வேறு நாடுகளின் அனுபவம்

ஜப்பானியரை மட்டும் குற்றவாளியாக்கி நாம் தப்பித்துக் கொள்ளலாகாது. நேச நாடுகளும் இதையே செய்தன. ஈரானும் நடுநிலை நாடாகவே இருந்தது. ரஷ்யாவுக்குத் தளவாடம் அனுப்பத் தரை வழி தேவைப்பட்டபோது, 1941 ஆகஸ்டு 25-ஆம் தேதி தெற்கிலிருந்து பிரிட்டிஷாரும் வடக்கிலிருந்து ரஷ்யரும் அந்த நாட்டுக்குள் புகுந்தார்கள். செப்டம்பரில் ரேஸா ஷா முடி துறந்தார். 1942 ஜனவரியில்தான் ஒப்பந்தம் எழுதப்பட்டது. முதலில் உள்ளே நுழைந்து விட்டு, அனுமதியைப் பின்னால் எழுதி வாங்கினார்கள்.

அவர்கள் தேடி வந்தது பாரசீக வளைகுடாவிலிருந்து காஸ்பியன் கடல் வரை போகும் ரயில்பாதையை. 1938-இல் முடிந்த அந்தப் பாதைக்குப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? தேயிலைக்கும் சர்க்கரைக்கும் போட்ட வரியிலிருந்து. ஏழை ஒரு கோப்பைத் தேநீர் குடித்த காசில் போட்ட பாதை அது. அந்நியர் சேனைக்கு அது பயன்பட்ட காலத்தில், 1942 டிசம்பரில், டெஹ்ரானில் ரொட்டி இல்லாமல் ஜனங்கள் கலகம் செய்தார்கள். ஹிட்லரை முறியடிக்க அந்தத் தளவாடம் உதவியது என்பதை நான் மறுக்கவில்லை. நோக்கம் நல்லதாக இருந்தாலும், வழியில் குடியிருப்பவனின் ஹக்கு அழிந்து விடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வழியை மூடி விட்டால் பாவம் தீர்ந்து விடுமா என்றால், அதுவும் அவ்வளவு சுலபமில்லை. சீனா மீது ஜப்பான் படையெடுத்திருந்த காலத்தில் பர்மாவிலிருந்து சீனாவுக்கு ஒரு மலைப்பாதை இருந்தது. ஜப்பானின் வற்புறுத்தலுக்கு இணங்கிப் பிரிட்டிஷார் 1940 ஜூலை 18 முதல் மூன்று மாதம் அதன் வழியாக ஆயுதமும், பெட்ரோலும், லாரியும் போகாதபடி தடுத்தார்கள். அக்கிரமக்காரனுக்கு வழி திறப்பது தவறு என்றால், அக்கிரமத்துக்கு ஆளானவனுக்கு வழி அடைப்பதும் தவறுதானே? ஆகவே திறப்பதா, மூடுவதா என்பது மட்டும் கேள்வியன்று. யாருக்கு, எதற்காக, யார் செலவில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நஜ்ஜாஷி மன்னரும் மரக்கலமும்

இந்த இடத்தில் நம் மார்க்க வரலாற்றிலிருந்து இரண்டு சம்பவங்கள் நினைவுக்கு வருகின்றன. இரண்டும் நாம் மத்ரஸாவில் கேட்டவைதாம்.

மக்காவில் துன்பம் தாங்காமல் முஸ்லிம்கள் அபிசீனியாவுக்குப் போனார்கள். அந்நாட்டு மன்னர் நஜ்ஜாஷிக்கு இந்த வழக்கில் எந்தப் பக்கமும் இல்லை. குறைஷியர் அம்ரு இப்னுல் ஆஸைத் தூதராக அனுப்பி, உயர்ந்த தோல் பொருட்களைக் காணிக்கையாகக் கொடுத்து, அகதிகளைத் திருப்பி ஒப்படையுங்கள் என்று கேட்டனர். பிரபுக்களும் கொடுத்து விடலாம் என்றனர். மன்னரோ, முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள், அவர்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும் என்றார். ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் எழுந்து பேசினார்கள். கேட்ட பிறகு மன்னர் காணிக்கையைத் திருப்பிக் கொடுத்து விட்டார். நடுநிலையில் இருப்பவனுக்குள்ள முதல் கடமை இதில் இருக்கிறது. யாரைப் பற்றிப் பேச்சு நடக்கிறதோ, அவனையே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். சயாமிலும் ஈரானிலும் நடக்காமல் போனது இந்த ஒன்றே.

இரண்டாவது, நாம் வெள்ளிக்கிழமை தோறும் ஓதும் கஹ்ஃபு சூராவில் வரும் மரக்கலத்தின் சம்பவம். மூஸா நபி (அலை) அவர்கள் கிள்று (அலை) அவர்களோடு ஏழைகளின் மரக்கலத்தில் போனார்கள். கிள்று (அலை) அவர்கள் அதில் சேதம் உண்டாக்கினார்கள். மூஸா நபி (அலை) அவர்கள் திடுக்கிட்டுக் கேட்டார்கள். பிறகுதான் காரணம் விளங்கியது. அக்கரையில் ஓர் அரசன் நல்ல மரக்கலங்களை எல்லாம் பலவந்தமாகப் பிடித்துக் கொண்டிருந்தான். பழுதானதை அவன் எடுக்க மாட்டான்.

பலசாலியை எதிர்த்து நிற்க முடியாதவனுக்கும் செய்வதற்கு ஏதேனும் உண்டு என்பதை இதிலிருந்து நான் விளங்கிக் கொள்கிறேன். தன் பொருளுக்குக் கொஞ்சம் நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை என்று, அக்கிரமத்துக்கு உதவாதபடி அதைச் செய்து விடலாம். சயாமிலும் அப்படிச் செய்தவர்கள் இருந்தார்கள். வாஷிங்டனில் சயாமின் தூதராக இருந்த செனி பிரமோஜ் தம் சர்க்காரின் யுத்தப் பிரகடனத்தை அமெரிக்காவிடம் கொடுக்க மறுத்து விட்டார். பாங்காக்கிலேயே பதவியில் இருந்து கொண்டு பிரிடி பனோம்யோங் ஜப்பானியருக்கு எதிரான இரகசிய இயக்கத்தை நடத்தினார். யுத்தம் முடிந்ததும் அமெரிக்கா சயாமைப் பகை நாடாக நடத்தாததற்கு இவர்களே முக்கிய காரணம். பிரிட்டிஷார் அவ்வளவு தாராளம் காட்டவில்லை. 1946 ஜனவரி 1-ஆம் தேதி ஒப்பந்தத்தில் 15 லட்சம் டன் அரிசியை இலவசமாகத் தர வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். பின்னால் அது மாற்றப்பட்டு விலைக்கே வாங்கினார்கள் என்றாலும், வழி கொடுத்ததற்கும் பில் வரும் என்பதை அரிசி விளையும் நமது தஞ்சோங் காராங்கில் இருப்பவர்கள் நன்றாகப் புரிந்து கொள்வார்கள்.

நம்மைப் போன்ற ஒரு கடைக்காரரும் அங்கே இருந்தார். காஞ்சனபுரியில் கடை வைத்திருந்த பூன்போங் என்பவர் ஜப்பானியரிடம் அனுமதி பெற்று ஆற்று வழியாக முகாம்களுக்குச் சாமான் விற்று வந்தார். அந்தச் சாமான்களுக்குள் மருந்தை ஒளித்து அனுப்பினார். கைதிகளுக்குக் கடனும் கொடுத்தார். பிடிபட்டால் உயிர் போயிருக்கும். வியாபாரம் அதே வியாபாரம்தான், பாதையும் அதே பாதைதான். ஆனால் அந்தப் பாதையை அவர் உயிர் காக்கப் பயன்படுத்தினார். தோட்டத்து ஜனங்களுக்கு இப்படி ஒரு கடைக்காரர் எத்தனை முகாம்களில் கிடைத்தார் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

என் கிட்டங்கி

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். என் கடைக்குப் பின்னால் ஒரு பழைய கிட்டங்கி உண்டு. சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் கொண்டு வரும் ஏஜெண்டு ஒருவர் என்னிடம் வந்தார். "பாய், ஆட்களை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றும்போது இரண்டு இராத்திரி தங்க இடம் வேண்டும். மாதம் முன்னூறு வெள்ளி தருகிறேன். அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் உங்கள் கடையிலேயே வாங்குகிறேன்" என்றார். நான் ஒப்புக் கொண்டேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

நான்கு மாதம் நடந்தது. வேன் இரவில் வரும், விடியுமுன் போகும். கிட்டங்கிக் கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டுப் போடுவார்கள். சாமான் திருடு போகாமல் இருக்க என்றார் ஏஜெண்டு. உள்ளே இருந்தது சாமானா, மனிதர்களா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

ஒரு நாள் தண்ணீர் பிடிக்க வந்த பையன் ஒருவன், இருபது வயதுகூட இருக்காது, உடைந்த மலாய் மொழியில், "அபாங், வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும்" என்று கெஞ்சினான். என் போனைக் கொடுத்தேன். அவன் தாயோடு பேசிப் பேசி அழுதான். பிறகு விசாரித்ததில் மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை என்றும், பாஸ்போர்ட் ஏஜெண்டிடம் இருக்கிறது என்றும் தெரிந்தது. அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படியே இந்நாட்டில் குற்றம். அது எனக்கு அன்று தெரியாது. ஆனால் சட்டம் தெரியாமற் போனாலும், கூலியாளின் வியர்வையைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இட்ட கட்டளை எனக்குத் தெரியாதா?

அன்று மாலையே ஏஜெண்டிடம், இனி இங்கே ஆள் இறக்க வேண்டாம் என்று சொல்லி விட்டேன். அவர் கோபித்துக் கொண்டு, பற்றில் நின்ற ஆயிரத்து எண்ணூறு வெள்ளியைத் தராமலே போய் விட்டார். அன்றிரவே வேன் வந்தது. பையனும் மற்றவர்களும் போய் விட்டார்கள். எங்கே போனார்கள் என்று நான் அறியேன்.

அப்போது நான் நல்ல காரியம் செய்து விட்டதாக எண்ணிக் கொண்டேன். ஆயிரத்து எண்ணூறு வெள்ளி நஷ்டமும் ஒரு தியாகம் போலத் தோன்றியது. பிறகு யோசித்துப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நான் செய்தது என் கதவை மூடியது மட்டும்தான். வேன் வேறு கதவைத் தேடிக் கொண்டது. மரக்கலத்தை நான் பழுதாக்கவில்லை; என் துறையிலிருந்து தள்ளி விட்டேன், அவ்வளவே. அந்தப் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று நஜ்ஜாஷி மன்னரைப் போல் நான் கேட்கவில்லை. தொழிலாளர் இலாகாவில் புகார் செய்திருக்கலாம். புகார் செய்தால் குடிநுழைவு அதிகாரிகள் அவனையே பிடித்துக் கொண்டு போய் விடுவார்களோ என்று பயந்தேன் என்பது உண்மை. என் பெயரும் அதில் வருமே என்று பயந்தேன் என்பதும் உண்மை. எந்தப் பயம் பெரியது என்று இறைவனே அறிவான்.

ஆகவே, முதலில் கேட்ட கேள்விக்கு என்னால் இயன்ற விடை இது. வழி விட்டவனுக்குப் பங்கு உண்டு. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவான பங்கு இல்லை. அந்த அளவைத் தெரிந்து கொள்ள மூன்று கேள்விகளை நாமே நம்மைக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

ஒன்று: நான் வழி விட்டது நிர்ப்பந்தத்தாலா, வாடகைக்காகவா? நிர்ப்பந்தத்தால் என்றால் மன்னிப்புக்கு இடமுண்டு. பணம் வாங்கினோமானால், "நான் வெறும் வழி" என்று சொல்லும் உரிமை அந்தப் பணத்தோடு போய் விடுகிறது.

இரண்டு: என் இடத்தைக் கடந்து போகிறவன் யார், என்ன நிலையில் போகிறான் என்று விசாரித்தேனா? தெரியாது என்பது ஒரு சாக்காகலாம். தெரிந்து கொள்ளாமல் இருக்கவே முகத்தைத் திருப்பிக் கொண்டேன் என்றால் அது சாக்காகாது.

மூன்று: தெரிந்த பிறகு என் கையில் இருந்ததைக் கொண்டு என்ன செய்தேன்? என் கை சுத்தமாக இருந்தால் போதும் என்று ஒதுங்கினேனா, அல்லது கொஞ்சம் நஷ்டத்தையும் ஆபத்தையும் ஏற்று அவனுக்கு ஏதாவது செய்தேனா?

முதல் கேள்வியில் நான் தோற்றேன். இரண்டாவதில் நான்கு மாதம் தோற்றேன். மூன்றாவதில் பாதி தோற்றேன். இப்போது கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எந்த நாட்டுத் தொழிலாளி வந்தாலும் அவன் பெயரையும் ஊரையும் கேட்கிறேன். சம்பளம் கிடைக்கிறதா என்று கேட்கிறேன். இல்லை என்றால் யாரிடம் போகலாம் என்று சொல்லி, அவன் விரும்பினால் கூடவே போகிறேன். இது பெரிய காரியம் அன்று. இருந்தாலும் ஒருவன் பெயராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது.

காஞ்சனபுரியில் யுத்தக் கைதிகளின் மையவாடியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள் ஏறத்தாழ ஏழாயிரம் இருக்கின்றன. நம் தோட்டத்து ஜனங்களுக்கு அப்படிப் பெயரிட்ட கல் இல்லை. பல பத்தாண்டுகள் கடந்து, 2023-ஆம் ஆண்டில்தான் அவ்வூரில் ஒரு விகாரையில் தமிழ்த் தொழிலாளர் நினைவாக நடுகல் நாட்டப்பட்டது. அதற்குள் அவர்களுடைய மனைவி மக்களில் பெரும்பாலோர் காலமாகி விட்டார்கள். அவர்கள் போன வழியில் எத்தனையோ பேர் நின்றிருப்பார்கள்: பட்டியல் எழுதியவர்கள், லாரி ஓட்டியவர்கள், ஸ்டேஷனில் டிக்கெட் சரி பார்த்தவர்கள், தேநீர் விற்றவர்கள். எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. "நான் வழி மட்டுமே விட்டேன்" என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நமது கடைகளுக்குப் பின்னால் இருக்கும் கதவுகளைச் சகோதரர்கள் ஒரு முறை போய்ப் பார்த்து வர வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறேன். வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கினால், அது யார் போட்ட பூட்டு, உள்ளே இருப்பது யார் என்று விசாரியுங்கள்.

தெரிந்தும் தெரியாமலும் நாம் விட்ட வழிகளுக்காக வல்ல நாயன் நம்மை மன்னித்து, அடுத்தவருடைய ஹக்கைக் காக்கும் மனத்தையும் துணிவையும் நம் எல்லோருக்கும் அருள்வானாக. சயாமில் மாண்ட பெயர் தெரியாத அந்த ஏழைகளின் துன்பம் நமக்குப் படிப்பினையாக அமையட்டும். ஆமீன்.

வஸ்ஸலாம்.

தஞ்சோங் காராங் மளிகை வியாபாரி ஒருவர்